கட்டாத வீடு விற்பனைக்கு

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் இருக்கும் ஆஸ்பனில் வீடு வாங்க வருகிறவர்கள் வாசல் கிழக்கா மேற்கா என்று கேட்பதில்லை. வெயில் எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குப் போகும் என்று கேட்கிறார்கள். நான் பிறந்து வளர்ந்த மதுரையில், வெயிலை ஒருவன் காசு கொடுத்து வாங்கப்போகிறான் என்றால் அவனைத் தனியாக வெளியே விட மாட்டார்கள். இங்கே வெயில்தான் சரக்கு. வீடு அதைக் கட்டிக் கொடுக்கிற பொட்டலம்.

காரணம் சுலபம். பனிச்சறுக்கு மலை வடக்கு பார்த்து இருக்க வேண்டும். வடசரிவில் வெயில் சாய்வாகத்தான் விழும், பனி உருகாமல் கிடக்கும். சறுக்குகிறவனுக்கு அது சொர்க்கம். அங்கேயே குடியிருக்கிறவனுக்கு நவம்பரில் வாசலில் உறைந்தது ஏப்ரலில்தான் விடும். ஊருக்குத் தெற்கே இருக்கும் ஆஸ்பன் மவுன்டன் வடக்கு பார்த்தது, எல்லாரும் அங்கே சறுக்குகிறார்கள். ஊருக்கு வடக்கே இருக்கும் ரெட் மவுன்டன் தெற்கு பார்த்தது, அங்கே சறுக்குவதற்கு லிஃப்டும் கிடையாது, தடமும் கிடையாது. ஆகவே உலகப் புகழ்பெற்ற இந்தப் பனிச்சறுக்கு ஊரில், சறுக்க முடியாத மலையில்தான் பெரும்பணம் குடியிருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதற்கு பில்லியனர் மலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2024-இல் அங்கே ஒரு வீடு 10.8 கோடி டாலருக்குக் கைமாறியது. நான் விற்கவில்லை. விற்றிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருப்பேன்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். அவள் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்.

"சறுக்க வர்றவன் சறுக்க முடியாத மலையில வீடு வாங்குவானாடா?"

"ஆமாம்மா. எதிர் மலையில மத்தவங்க சறுக்குறதைப் பார்த்துக்கிட்டே காபி குடிக்கலாம்ல."

"எவ்வளவுன்னு சொன்ன?"

மறுபடியும் சொன்னேன். பதிலே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். கட்டாகவில்லை. ரூபாயில் பெருக்கிக்கொண்டிருந்தாள். "தொள்ளாயிரம் கோடி வருதே," என்றாள் கடைசியில். "ஒரு பூஜ்யம் கூடப் போட்டுட்டேனா?" இல்லை அம்மா, சரியாகத்தான் போட்டிருக்கிறாய்.

நாங்கள் இந்தப் பக்கம் வந்தது என் மனைவியால். டென்வரில் இருந்தோம். நான் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில், அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கம்பெனிக்கு நான் தேவைப்படாமல் போன அதே சமயத்தில் மலைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அவள் தேவைப்பட்டாள். பனிச்சறுக்கு ஊர்களில் எலும்பு முறிவுக்குப் பஞ்சமே வராது, நர்ஸ் வேலைக்கும். என் அனுபவத்துக்கு அங்கே ஒரே தொழில்தான் கதவைத் திறந்து வைத்திருந்தது. உலகம் முழுவதும் வேலை போனவர்களை இரு கை நீட்டி வரவேற்கிற ரியல் எஸ்டேட்.

கொலராடோவில் புரோக்கர் லைசென்ஸ் வாங்க 168 மணி நேரம் பாடம் படித்துப் பரீட்சை எழுத வேண்டும். அந்தப் பாடத்தில் பெரும்பகுதி எதைச் சொல்லக் கூடாது என்பது. அக்கம்பக்கத்தில் எந்த இனத்தவர் இருக்கிறார்கள், எந்த மதம் என்று சொல்லக் கூடாது. குழந்தைகள் இல்லாத தம்பதிக்குத்தான் வீடு என்று விளம்பரம் செய்யக் கூடாது. 1968-இல் வந்த வீட்டு நியாயச் சட்டமும் அதன் திருத்தங்களும் அதையெல்லாம் அடைத்துவிட்டன. தாம்பரத்தில் மனை வியாபாரம் செய்யும் என் சித்தப்பாவுக்கு இது விளங்கவே இல்லை. "பார்ட்டி கேக்குற முதல் கேள்வியே 'அங்க யாரெல்லாம் இருக்காங்க'ன்னுதானே? அதைச் சொல்லாம எப்படிடா விப்ப?" என்றார். 'சைவம் மட்டும்' என்று பலகை மாட்டியிருக்கும் எத்தனையோ வீடுகளுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர் அவர். அந்தப் பலகைக்கு என்ன அர்த்தம் என்று மாட்டியவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும்.

அடுத்து நான் சொன்ன விஷயம் அவரை இன்னும் கலக்கியது. இந்த மாநிலத்தில் ஒரே புரோக்கர் விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் ஒரே நேரத்தில் வக்காலத்து வாங்குவது சட்டவிரோதம்.

"அப்ப ரெண்டு பக்கக் கமிஷன்?"

"அது வேற சித்தப்பா. யாருக்கும் வக்காலத்து வாங்காம, நடுநிலையா ரெண்டு பேருக்கும் காகித வேலை மட்டும் பார்த்துக் குடுக்கலாம். அப்ப ரெண்டு பக்கமும் வாங்கிக்கலாம்."

"யாருக்கும் சாதகமாப் பேசாம ரெண்டு பேர்கிட்டயும் காசு வாங்குறது?"

"ஆமா."

"அதைத்தானேடா நாங்க தாம்பரத்துல பண்றோம்," என்றார் சித்தப்பா. "இதுக்குப் போயி 168 மணி நேரமா?"

சரி, வீட்டுக்குள்ளே போவோம். டெக்சாஸிலிருந்து வந்த ஒரு தம்பதிக்கு ரெட் மவுன்டனில் ஒரு வீட்டைக் காட்டினேன். வெளியே மைனஸ் பதினைந்து டிகிரி. மரங்களில் பனி, கூரையில் பனி, அஞ்சல் பெட்டியின் தலையில் பனி. வீட்டுக்குப் போகும் வளைந்த பாதையில் மட்டும் ஒரு துளி இல்லை. தரை ஈரமாகக் கறுத்து, மெல்ல ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பாதைக்கு அடியில் குழாய் பதித்து, உறையாத திரவம் கலந்த வெந்நீரைச் சுற்றவிடுகிறார்கள். விழுகிற பனி விழுந்த இடத்திலேயே கரைகிறது. ஆளே இல்லாத நாட்களிலும் பாய்லர் அதன் பாட்டுக்கு ஓடும். இதற்கு உள்ளூர் அரசு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. 2000-இலிருந்து, வெளிவாசலைச் சூடாக்குகிறவர்களும் வெளியே வெந்நீர்க் குளம் கட்டுகிறவர்களும் அந்த வெப்பத்தை ஈடுகட்டும் அளவுக்கு வீட்டிலேயே சூரிய மின்சாரம் மாதிரி ஏதாவது அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் கட்டணத்தில் மற்றவர்கள் வீட்டில் எரிபொருள் மிச்சப்படுத்தும் வேலைகளுக்கு உதவுகிறார்கள். பணக்காரரின் வாசல் சூடானால் பள்ளத்தாக்கில் எங்கோ ஒரு நர்சரிப் பள்ளியின் ஜன்னல் இடுக்கு அடைபடும். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். டெக்சாஸ்காரருக்கும் பிடித்தது. "கட்டணம்தானே?" என்றார்.

வாசலில் எல்லாரும் குனிந்து காலணிக்கு மேல் நீல நிற பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொள்ள வேண்டும். கோடிக்கணக்கில் வீடு வாங்க வந்தவர் ஒற்றைக் காலில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, கிழிந்துபோகும் அந்த உறையோடு போராடுகிற காட்சி இந்தத் தொழிலில் எனக்குக் கிடைக்கிற தனிப்பட்ட போனஸ். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுப் போனால் தீர்ந்தது. அந்த யோசனையை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் பத்திரப்பதிவே நின்றுபோயிருக்கும்.

உள்ளே நுழைந்ததும் பூட்ஸ் அறை. நீள மர பெஞ்ச், அதற்கு மேல் வரிசையாகக் குத்திட்டு நிற்கும் குழாய்கள். சறுக்கு பூட்ஸைத் தலைகீழாக அவற்றில் கவிழ்த்தால் உள்ளே வெதுவெதுப்பான காற்று ஊதும். காலையில் காலை விட்டால் இதமாக இருக்கும். அம்மணி கையை ஒரு குழாய்க்கு மேல் வைத்துப் பார்த்தார். நானும் வைத்தேன். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் படுக்கையறையைவிட அந்த பூட்ஸுக்கு வசதி அதிகம்.

மாடியில் படுக்கையறை. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்னத் திரை. அது குளிர்சாதனத்துக்கு அல்ல, ஆக்சிஜனுக்கு. இந்த உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். கீழே சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் இரண்டு ராத்திரி தலைவலி, தூக்கமின்மை. அதனால் அறைக்குள் ஆக்சிஜனைக் கூட்டி, கீழே படுத்திருப்பதாக உடம்பை நம்பவைக்கிறார்கள். ரெட் மவுன்டனில் இன்னும் மேலே மனை வாங்கினால் விலை கூடும். அதே விலையில் ஒரு பகுதியைக் கொடுத்துப் படுக்கையறையை மட்டும் கீழே இறக்கிக்கொள்ளலாம். அம்மாவிடம் இதையும் சொன்னேன். "காசு குடுத்து மேல ஏறி, மறுபடி காசு குடுத்து மூச்சு விடணுமா?" என்றாள். வாங்குகிறவர்களிடம் நான் ஒருபோதும் சொல்லாத ஒரே விற்பனை வாக்கியம் அது.

பலகணியில் நின்று டெக்சாஸ்காரர் எதிர் மலையைப் பார்த்தார். "இதை மறைத்து யாரும் கட்டிவிட மாட்டார்களே?" ஊருக்குள் அதற்குச் சட்டமே இருக்கிறது. ஆப்பரா ஹவுஸ் போன்ற சில பொது இடங்களிலிருந்து மலை தெரியும் கோணத்தை வரைபடத்தில் குறித்து, அதற்குள் எந்தக் கட்டடமும் தலையை நீட்டக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவனுக்கும் அந்த மலை சொந்தம் என்பது அதன் பொருள். உங்கள் குளியல் தொட்டியிலிருந்து தெரியும் மலைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதையும் நான் சொல்லியாக வேண்டும், சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. இவ்வளவு கொடுத்தும் பஸ் ஸ்டாப்புக்கு இருக்கும் உரிமை தனக்கு இல்லையா என்று யோசித்திருப்பார்.

இந்த ஊரில் நிலத்தின் கதையைக் கேட்டால் வில்லங்கச் சான்று போட முடியாது. இது யூட் மக்களின் நிலம். 1879-இல் வெள்ளி தேடி வந்தவர்கள் கூடாரம் அடித்து, யூட் சிட்டி என்று அவர்கள் பெயரையே வைத்தார்கள். அப்புறம் 1881-இல் மேற்குக் கொலராடோவின் பெரும்பகுதியிலிருந்து யூட் மக்களைத் துரத்தினார்கள். பெயரும் மாறிவிட்டது. நான் பார்க்கிற பத்திரங்கள் எல்லாம் அதற்குப் பிறகே தொடங்குகின்றன. உலகத்திலேயே மிகச் சுத்தமான டைட்டில், முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படித்தால்.

வெள்ளி கொழித்தது. பத்தாயிரம் பேருக்கு மேல் குடியேறினார்கள், 1889-இல் ஆப்பரா ஹவுஸ் கட்டினார்கள். பிறகு 1893 வந்தது, வீழ்ச்சியும் வந்தது. அந்த வீழ்ச்சியில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. அந்த ஆண்டு ஜூன் 26-இல் இந்தியாவின் பிரிட்டிஷ் அரசு, வெள்ளியைக் கொண்டுவந்து கொடுத்தால் ரூபாய் அடித்துத் தரும் வழக்கத்தை நிறுத்தியது. உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்தது, சில நாட்களில் கொலராடோவின் சுரங்கங்கள் மூடத் தொடங்கின. நவம்பரில் அமெரிக்க அரசும் வெள்ளி வாங்கும் சட்டத்தை ரத்து செய்ய, ஆஸ்பன் படுத்துவிட்டது. 1930 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 705 பேர். வரி பாக்கிக்கு வீடுகள் போயின. உள்ளூர்ப் பெரியவர் ஒருவரிடம் இந்த இந்தியக் கதையைச் சொன்னபோது என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அதுக்கு ஈடு கட்டத்தான் உன்னை அனுப்பியிருக்காங்களா?" என்று கேட்டார்.

ஊரைத் தூக்கி நிறுத்தியவர் சிகாகோத் தொழிலதிபர் வால்டர் பேப்கே. 1945-இல் வந்தார், பழைய வீடுகளை வாங்கிப் போட்டார். 1947 ஜனவரியில் திறந்த நாற்காலி லிஃப்ட் அப்போது உலகத்திலேயே நீளமானது. வீடுகளுக்கெல்லாம் இலவசமாகப் பெயின்ட் தருகிறேன், நிறத்தை மட்டும் நம் ஓவியர் ஹெர்பர்ட் பேயர் தேர்ந்தெடுப்பார் என்றார் பேப்கே. ஊர்க்காரர்களில் பலர் பெயின்டே வேண்டாம் என்றுவிட்டார்களாம். பணக்காரர் வந்து நம் சுவருக்கு நிறம் சொல்வதா என்ற அந்த ரோஷம் இந்த ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1970-இல் எழுத்தாளர் ஹன்டர் தாம்சன் இந்த மாவட்டத்தின் ஷெரீஃப் பதவிக்குப் போட்டியிட்டார். தலையை மொட்டை அடித்துக்கொண்டு, கிராப் வெட்டியிருந்த எதிர் வேட்பாளரை 'என் நீளமுடி எதிராளி' என்று கூப்பிட்டார். தார்ச் சாலைகளைப் பெயர்த்துவிட்டுப் புல் நடுவது அவருடைய வாக்குறுதிகளில் ஒன்று. இன்னொன்று எங்கள் தொழிலுக்கே வைத்த வேட்டு. ஆஸ்பன் என்ற பெயரைச் சட்டப்படி ஃபேட் சிட்டி என்று மாற்றிவிட்டால், அந்தப் பெயரைக் காட்டி மனை விற்கிறவர்கள் ஓடிவிடுவார்கள் என்றார். ஜெயித்திருந்தால் நான் இப்போது கொழுப்பு நகரில் சொகுசு வீடு என்று விளம்பரம் கொடுத்துக்கொண்டிருப்பேன். தோற்றார். புரோக்கர்கள் பிழைத்தோம்.

எங்கள் வீடு கார்பண்டேலில். ஆஸ்பனிலிருந்து பள்ளத்தாக்கில் முப்பது மைல் கீழே. வீடு என்றால் வாடகை வீடு. காலையில் விரைவுப் பஸ்ஸில் மேலே போவேன். 2013-இல் வந்தது அது, கிராமப்புறத்துக்கென்று அமெரிக்காவில் ஓடிய முதல் அதிவிரைவுப் பஸ் திட்டம். அதில் ஏறினால் ஊரே இருக்கும். சமையல்காரர், சறுக்கு மாஸ்டர், பல் டாக்டரின் உதவியாளர், தச்சர், வீடு துடைப்பவர், போலீஸ்காரர்கூட. ஆஸ்பனை ஆஸ்பனாக வைத்திருக்கும் ஆட்கள் தினமும் காலை கீழேயிருந்து ஏற்றப்பட்டு, மாலையில் இறக்கப்படுகிறார்கள். கோடீஸ்வரர்கள் லட்சாதிபதிகளைத் துரத்திவிட்டார்கள் என்பது இந்த ஊரின் பழைய ஜோக். லட்சாதிபதிகள் யாரைத் துரத்தினார்கள் என்று பஸ்ஸுக்குள் யாரும் கேட்பதில்லை, எல்லாரும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறோம்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரு விசேஷம். தனியார் ஜெட் விமானங்கள் வந்து குவிந்து, ஆஸ்பன் விமான நிலையத்தில் நிறுத்த இடமே இருக்காது. முதலாளியை இறக்கிவிட்டு அவை பள்ளத்தாக்கைத் தாண்டி ரைஃபிள் என்ற சிற்றூருக்குப் போய் ராத் தங்கும், கூப்பிட்டால் திரும்ப வரும். எங்கள் பஸ் பயணிகள் சிலரும் ரைஃபிளில்தான் குடியிருக்கிறார்கள், அதே காரணத்துக்காக. ஆறு கோடி டாலர் விமானத்துக்கே ஆஸ்பனில் வாடகைக்கு இடம் கிடைக்கவில்லை என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நைட் டியூட்டி முடித்து வந்திருந்தாள்.

இந்த ஊரில் சாமானியனுக்கு ஒரு வாசல் உண்டு, அதைத் திறப்பது குலுக்கல். வீட்டு ஆணையத்தின் கையில் 3,000-க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் இருக்கின்றன. மாவட்டத்துக்குள் வருஷத்துக்குக் குறைந்தது 1,500 மணி நேரம் வேலை செய்ய வேண்டும், அங்கேயே குடியிருக்க வேண்டும், வருமானம் வரம்புக்குள் இருக்க வேண்டும். விற்பனைக்கு ஒன்று வந்தால் தகுதி உள்ளவர்கள் பெயர் கொடுப்பார்கள், குலுக்கி எடுப்பார்கள். நம் வீட்டு வசதி வாரியக் குலுக்கலைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு இதில் எந்த அதிர்ச்சியும் இல்லை. பிள்ளையாருக்கு எப்போது தேங்காய் உடைக்க வேண்டும் என்பதுகூடத் தெரியும்.

இதில் என் தொழிலுக்கு ஓர் அவமானம் ஒளிந்திருக்கிறது. ஆஸ்பன் நகருக்குள் வீடு வாங்குகிறவர் விலையில் ஒன்றரை சதவீதம் சொத்து மாற்ற வரி கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் முத்திரைத்தாளுக்கே ஏழு சதவீதம் கட்டிப் பழகியவர்களுக்கு இது சில்லறை. அதில் அரை சதவீதம் அந்த ஆப்பரா ஹவுஸ் கணக்கில், ஒரு சதவீதம் தொழிலாளர் வீட்டுக் கணக்கில். மாநிலத்தில் இனி யாரும் புதிதாக இப்படி வரி போட முடியாது. 1992-இல் வந்த அரசியல் சட்டத் திருத்தம் தடுத்துவிட்டது. ஆஸ்பன் முன்னாலேயே போட்டுக்கொண்டதால் தப்பியது. ஒரு கோடி டாலர் வீடு ஒன்றை நான் விற்றால் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் டாலர் வரி. அந்தப் பணம் போய் எந்த வீட்டைக் கட்டுகிறதோ, அந்த வீட்டின் குலுக்கலில் நான் பெயர் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த வீட்டை வாங்கினாலும் சந்தை விலைக்கு விற்க முடியாது. வருஷத்துக்கு மூன்று சதவீதமோ விலைவாசி உயர்வோ, எது குறைவோ அவ்வளவுதான் ஏற்றலாம். ஊரிலேயே லாபம் வைத்து விற்க முடியாத வீடு அது ஒன்றுதான். ஊரிலேயே புரோக்கர்கள் ஆசையோடு கைகட்டி வரிசையில் நிற்கிற வீடும் அதுதான்.

போன குலுக்கலில் எங்களுக்கு விழவில்லை. எங்கள் பஸ் டிரைவருக்கு விழுந்தது. மறுநாள் காலை மைக்கில் சொன்னார். பஸ் முழுக்கக் கைதட்டியது, நானும் தட்டினேன். அப்புறம் அவர் வண்டியை எடுத்ததும் ஒவ்வொருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மனசுக்குள் கணக்குப் போட்டோம். ஒரு போட்டியாளர் குறைந்தார்.

வாங்கியவர்கள் என்ன ஆகிறார்கள்? பெரும்பாலும் வருவதில்லை. கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள், ஜூலையில் இசை விழா சமயம் கொஞ்சம். மற்ற ராத்திரிகளில் ஆஸ்பனின் வெஸ்ட் எண்ட் பகுதித் தெருக்களில் நடந்தால் அழகான வீடுகள் வரிசையாக இருட்டில் நிற்கும். ஆள் இல்லாத வீட்டுக்கு ஆளைவிட அதிகப் பராமரிப்பு வேண்டும். குழாய் உறையக் கூடாது, மரத் தளம் வறண்டு பிளக்கக் கூடாது, கூரை விளிம்பில் பனிக்கட்டி சேர்ந்து தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது. இதற்கென்று சாவி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த சாவிக்காரர் எல் சால்வடாரிலிருந்து வந்தவர். வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய் எல்லாக் குழாயையும் திறந்து மூடி, எல்லாக் கழிப்பறையிலும் தண்ணீர் ஊற்றி, தெர்மோஸ்டாட்டைப் பார்த்துவிட்டு வருவார். பதினோரு கழிப்பறை உள்ள வீடு என்று நான் விளம்பரத்தில் பெருமையாகப் போடுகிறேன். அது அவருக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலை முழுவதும்.

அவர் ஒருமுறை அக்டோபரில் என்னைக் கூப்பிட்டார். நான் விற்ற வீடு. சமையலறைக் கதவு திறந்து கிடந்தது. நெம்புகோல் மாதிரி அழுத்தித் திறக்கும் கைப்பிடியை இந்த ஊர்க் கருங்கரடிகள் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டன. உருண்டைக் குமிழ் போடுங்கள் என்று வனவிலங்குத் துறை சொல்லிக்கொண்டே இருக்கிறது. கட்டட வடிவமைப்பாளர்களுக்கு உருண்டைக் குமிழ் அழகில்லை. உறக்கத்துக்குப் போகும் முன் கரடிக்கு அகோரப் பசி. இத்தாலியிலிருந்து வந்த குளிர்பெட்டியின் கதவு வெளியே கிடந்தது. தேன் பாட்டில், வெண்ணெய், டின்னில் இருந்த பிஸ்கட், எல்லாம் சுத்தம். அடுப்பு மேடை மட்டும் ஒரு கீறல் இல்லாமல் மின்னியது. எட்டு பர்னர் அடுப்பு, வாங்கிய நாளிலிருந்து பற்ற வைக்காதது. அந்தச் சமையலறையில் வயிறாரச் சாப்பிட்டது அந்தக் கரடி ஒன்றுதான் என்றார் சாவிக்காரர். முதலாளிக்கு நான் அனுப்பிய கடிதத்தில் இந்த வாக்கியத்தைச் சேர்க்கவில்லை.

குறை சொல்லிக்கொண்டே போகிறேனே தவிர, இங்கிருந்து கிளம்பும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஏப்ரலில் லிஃப்டுகள் நின்று, சேற்றுக் காலம் தொடங்கி, ஜெட்டுகள் போய், பாதி ஓட்டல்கள் சாத்தியிருக்கும்போது ஊர் எங்களுக்குக் கிடைக்கும். திறந்திருக்கும் ஓட்டல்களில் உள்ளூர்க்காரர்களுக்குப் பாதி விலை. சறுக்குப் பருவத்தில் மகள் பள்ளிக்கூடத்தோடு மலைக்குப் போகிறாள். மதுரைக்காரன் மகள் மலை உச்சியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இறங்கி என் பக்கத்தில் வந்து பனியை வாரி என் மேல் அடித்து நிற்பாள். கீழே நானும் அம்மாவுக்கு வீடியோ எடுத்தபடி நிற்பேன். "பிள்ளைக்கு ஸ்வெட்டர் பத்தலையே," என்பாள் அம்மா. வீட்டு விலையைப் பற்றி அவள் இப்போது கேட்பதே இல்லை.

இந்தத் தொழிலின் உச்ச வித்தையை நான் கற்றுக்கொண்டது ஒரு கிழவரிடம். மலைக்கு உள்ளே, குளிர்காலத்தில் வண்டி போக முடியாத இடத்தில், அவருக்குத் தாத்தா காலத்துச் சுரங்க நிலம் ஒன்று இருந்தது. அங்கே ஒரு சின்ன மரக்குடில் கட்டிக்கொள்ள அனுமதி உண்டு. காட்டுக்குள் வீடு முளைப்பதில் மாவட்ட நிர்வாகத்துக்கு விருப்பமில்லை. அதனால் ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். இந்த நிலத்தில் என்றைக்கும் வீடு கட்ட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். நிலம் உங்களிடமே இருக்கும், கட்டும் உரிமை மட்டும் கழன்று காகிதமாகிவிடும். அந்தக் காகிதத்தை யாருக்கும் விற்கலாம். கீழே, மாவட்ட எல்லைக்குள், 5,750 சதுர அடிக்கு மேல் மாளிகை கட்ட ஆசைப்படுகிறவர் அதை வாங்கினால் ஒரு காகிதத்துக்கு 2,500 சதுர அடி கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். முன்பெல்லாம் இப்படிச் சேர்த்துச் சேர்த்து 15,000 சதுர அடி வரை போவார்கள். 2023-இல் அந்த உச்சவரம்பை 9,250 ஆக்கிவிட்டார்கள். விலை லட்சக்கணக்கான டாலரில்.

கிழவர் என் எதிரில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். மண்ணை விற்கவில்லை, வீட்டை விற்கவில்லை, கட்டாமல் இருப்பதை விற்றார். "எப்படியும் கட்டியிருக்கப் போறதில்ல," என்று சொல்லிவிட்டு, காசோலையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

சித்தப்பாவிடம் சொன்னேன். எஃப்.எஸ்.ஐ. என்றால் அவருக்கு அத்துப்படி. கூடுதல் கட்டணம் கட்டினால் கூடுதல் பரப்பு கட்டிக்கொள்ளச் சென்னையிலும் வழி இருக்கிறது, அதில் அவருக்கு ஆச்சரியம் இல்லை. காட்டுக்குள் சும்மா இருந்ததற்குக் காசு கிடைத்தது என்ற இடத்தில்தான் நிறுத்தினார்.

"கட்ட மாட்டேன்னு எழுதிக் குடுத்தா காசா?"

"ஆமா சித்தப்பா."

"நிலமும் அவங்கிட்டயே இருக்கும்?"

"இருக்கும்."

அவர் வீட்டுக்கு மேலே மாடி எழுப்ப வேண்டும் என்று சித்தி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மொட்டை மாடியில் தூணுக்கு விட்ட கம்பிகள் துருப்பிடித்து நிற்கின்றன. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அடுத்த தை மாதம் கட்டப்போகிறார்.

"ஆயிரத்து நூறு சதுர அடிடா," என்றார் மெதுவாக. சித்தி பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். "நான் கட்டாம வச்சிருக்கேன். அங்க எவனாவது பார்ட்டி இருந்தா சொல்லு. ரெண்டு பக்கக் கமிஷனும் நீயே எடுத்துக்க."